நுரை எங்கே போகும்?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிப் பயணஞ் செய்வோர் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கூர்ந்து படிப்பாராயின், அவற்றுள் ஒரு தாவரவியற் பாடமே அடங்கியிருப்பதைக் காண்பர். நாவற்குடா, ஆரையம்பதி, தாழங்குடா, மாங்காடு, தேற்றாத்தீவு எனப் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டேயிருக்கும். நகரின் நடுவாகிய புளியந்தீவும் மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பிற் குடியேறிய எம் முன்னோர், தாம் கண்ட நிலத்தை அந்நிலத்திற் கண்ட பூட்டினாலும் மரத்தினாலுமே அடையாளங் கண்டனர் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டியதில்லை. சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைத்த அவர்களுக்கு, நாவலும் ஆரையும் தாழையும் தேற்றாவும் முகவரியாக அமைந்தன.

அத்தகைய எழுவான்கரைச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவன் நான். எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் ஒரு பள்ளம். மாரியில் நன்னீர் நிறைந்து வாவியோடு கலக்கும். கோடையில் வற்றி வெடிக்கும். அப்பள்ளத்தின் ஓரத்திலே ஆரை, வல்லாரை, பொன்னாங்காணி, நீர்ப்பிரமி ஆகியன விதைப்பாரும் நீர் வார்ப்பாருமின்றித் தாமே முளைத்துத் தழைத்துக் கிடக்கும். வாவியை அணுக அணுக நிலம் உவராகி உமரி படரும். அதற்கப்பால் தில்லையும் கண்டலும் கிண்ணையும் நிற்கும். எங்கள் பெத்தா விடியற்புறத்திலே ஓலைப் பெட்டியோடு அப்பள்ளத்திற் கீரை பறித்து, கற்றை கற்றையாகக் கட்டிச் சந்தையில் விற்று வருவாள். அவளுடைய பிள்ளைகள் மூவரும் படித்தது அக்கீரையினாலே. நான் பல்கலைக்கழகஞ் சென்ற நாளில் என் சட்டைப் பையில் அவள் திணித்த தாள்களிலும் பொன்னாங்காணியின் மணம் இருந்ததாகவே எனக்கு நினைவு.

2012 ஆம் ஆண்டுப் புரட்டாதி மாதம். நான் தாவரவியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருந்தேன். ஒரு மாலைப் பொழுதில் எரிபொருள் ஏற்றிச் சென்ற பவுசர் ஒன்று வீதியின் திருப்பத்திலே கவிழ்ந்து, பள்ளத்தின் மேற்புற விளிம்பிலே தீப்பற்றிக்கொண்டது. சாரதி தப்பிவிட்டார். ஆயினும் ஒழுகிய எண்ணெயோடு தீயும் சரிவு வழியே இறங்கியது. ஓலை வேய்ந்த ஏழெட்டுக் குடிசைகள் காற்றின் போக்கிலே இருந்தன. ஊரவர் வாளியாற் கொட்டிய நீரிலே எண்ணெய் மிதந்து மேலும் பரந்ததேயன்றித் தீ அணையவில்லை. அவ்வேளையிலேதான் தீயணைப்பாளர் வந்து நுரையைப் பாய்ச்சினர். வெண்மையான அந்நுரை போர்வைபோல் விரிந்து, சில நிமிடங்களுள் தீயை மூடி அடக்கிற்று. ஒரு வீடும் எரியவில்லை. அன்று அந்த நுரை வந்திராவிடின் எங்கள் ஊரின் கதை வேறாகியிருக்கும். இக்கட்டுரையில் நுரையைக் குறித்து நான் எழுதுவன யாவற்றையும் இவ்வுண்மையை மறவாமலே வாசகர் படித்தல் வேண்டும்.

மறுநாட் காலையிலும் பள்ளத்தின் ஓரத்திலே நுரை திட்டுத் திட்டாகக் கிடந்தது. சிறுவர்கள் அதை அள்ளி ஒருவர்மீதொருவர் வீசி விளையாடினர். நானும் ஒரு கையள்ளிப் பார்த்தேன். பெத்தா வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டாள்:

“இந்த நுரை எங்க போகும் மனே?”

“மழை பெய்தாக் கழுவிக்கொண்டு போயிரும் பெத்தா. சவர்க்காரம் மாதிரித்தான்.”

“கழுவி எங்க கொண்டுபோகும்?”

நான் சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் ஈராண்டு கற்றவனிடம் கேட்கத்தக்க கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை.

எனினும் ஒரு மாணவனுக்குரிய ஆர்வம் என்னை விடவில்லை. தாவரச் சூழலியலிற் கள அறிக்கை ஒன்று சமர்ப்பிக்கவேண்டியிருந்தது. பள்ளத்தின் ஓரத்திலே கயிறு கட்டி மூன்று சதுரங்களை வகுத்தேன். எண்ணெயும் தீயும் பட்ட இடம் ஒன்று. எண்ணெய் படாது நுரை மட்டும் வழிந்த இடம் ஒன்று. இரண்டும் படாத இடம் ஒன்று. தை மாதம்வரை ஊருக்கு வந்த போதெல்லாம் அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். முதலாம் சதுரம் அவ்வாண்டு முழுதும் கரிந்த வெறுநிலமாகவே கிடந்தது; அது எண்ணெயின் வேலை. இரண்டாம் சதுரத்திலே முதல் வாரத்தில் இலைகளின் விளிம்புகள் பழுப்பேறிச் சுருண்டன. ஆனால் மாரி பிறந்ததும் காட்சி மாறிற்று. பொன்னாங்காணியும் கோரையும் முன்னெப்போதும் இல்லாத கொழுமையோடு எழுந்தன. மூன்றாம் சதுரத்துப் பொன்னாங்காணி அதன் அருகில் நோஞ்சானாகவே தோன்றிற்று.

“நுரை பட்ட இடத்துக் கீரை நல்லாக் கொழுத்திருக்கு. ஆனா ஆரையைக் காணல்ல மனே. வல்லாரையும் ஒண்டு ரெண்டுதான்” என்றாள் பெத்தா.

நான் அதனையும் எழுதிக்கொண்டேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. ‘தீயணைப்பு நுரையினால் வனப்பூடுகளின் வளர்ச்சிக்கு நிலையான தீங்கு ஏற்படவில்லை, சிலவற்றிற்கு அது நன்மையே பயந்தது’ என்பது என் அறிக்கையின் முடிபு. அந்தக் கீரையைப் பறிக்கலாமா என்று பெத்தா கேட்டபோதும் அம்முடிபையே அவளுக்குச் சொன்னேன். அவ்வாண்டு மாரியில் அவளுடைய கற்றைகள் சந்தையில் விரைவாக விலைபோயின. நாங்களும் உண்டோம்.

அறிக்கை திரும்பி வந்தபோது விரிவுரையாளர் ஓரத்திலே சிவப்பு மையால் ஒரே ஒரு வினாவை எழுதியிருந்தார்: ‘நுரையின் பெயர் என்ன?’ நல்ல புள்ளி கிடைத்திருந்தமையால் அவ்வினாவிற்கு விடை தேடவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. பெத்தாவின் வினா ஒன்று, விரிவுரையாளரின் வினா ஒன்று: எங்கே போகும்? பெயர் என்ன? இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்படிப் பார்த்ததனால் அறிந்தவற்றையே இங்கு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

நுரை என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பன உண்மையில் பல பொருள்கள். எண்ணெய்த் தீயை நுரையால் மூடி அணைக்கலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்து காட்டியவர் அலெக்சாண்டர் லோரன் என்னும் இரசியர். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாக்கு நகரிலே பாடசாலை ஆசிரியராக இருந்தவர் அவர். எண்ணெய் நீரிலும் இலேசானது. ஆகவே நீர் அதன் அடியிற் சென்றுவிடுகின்றது. எண்ணெயின்மேல் மிதக்கவல்லதும் தீயிற்கும் ஒட்சிசனுக்கும் இடையே திரைபோல் நிற்கவல்லதுமான ஒன்று வேண்டும் என்பதே அவரது சிந்தனை. பின்னர் விலங்குகளின் கொம்பு, குளம்பு, பறவைச் சிறகு முதலியவற்றின் புரதத்தைச் சிதைத்துச் செய்யப்பட்ட புரத நுரைகள் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பெருவழக்காயிருந்தவை இவையே. காட்டுத் தீயை அணைக்கச் சவர்க்காரத்தை ஒத்த செயற்கைப் பொருள்களாலான நுரைகள் வேறாக உள்ளன. இவற்றின் பணி, நீரை மரத்திலும் சருகிலும் ஊறச் செய்தல்.

1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமும் திரீ-எம் நிறுவனமும் சேர்ந்து முற்றிலும் புதியதொரு நுரையை ஆக்கின. 1967 யூலை 29 இல் வியட்நாம் கரையோரத்திலே ‘ஃபொரஸ்ரல்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தீப்பற்றி 134 பேர் மாண்டனர். அதன்பின் இப்புதிய நுரை கடற்படைகளிலும் விமான நிலையங்களிலும் எண்ணெய்க் களஞ்சியங்களிலும் உலகெங்கும் பரவியது. செறிந்த திரவத்தின் 3 அல்லது 6 பங்கினை நீரோடு சேர்த்து நூறு பங்காக்கினாற் போதும். தூய நீரின் பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூற்றன். இக்கரைசலிலோ அது 20 இலும் குறைந்துவிடும். அதனால் நுரையிலிருந்து வடியும் நீர், எண்ணெயின் அடியில் ஆழாது அதன் மேலேயே மெல்லிய படலமாக விரிந்து ஆவியெழுவதைத் தடுக்கின்றது. வேறெந்த நுரைக்கும் இல்லாத இவ்வாற்றலைத் தந்தவை காபனோடு புளோரீன் இணைந்த பெர்புளோரோ சேர்வைகள். சேதன இரசாயனத்தின் ஒற்றைப் பிணைப்புகளுள் காபன்-புளோரீன் பிணைப்பினும் வலியது வேறில்லை எனலாம். தீயிலும் சிதையாதது என்பதே அதன் புகழ். மண்ணிலும் சிதையாதது என்பதே அதன் பழி.

இனி, இந்நுரைகள் பூடுகளுக்குச் செய்வன எவை என்று பார்ப்போம். முதலாவது இலையின்மீது நிகழ்வது. ஆரை இலையில் விழுந்த மழைத்துளி முத்தாக உருண்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். இலையின் மெழுகுப் படையும் நீரின் பரப்பிழுவையும் சேர்ந்தே அம்முத்தை உருவாக்குகின்றன. நுரைக் கரைசலில் பரப்பிழுவை வீழ்ச்சியடைவதால் துளி உருளாது பரவி, இலைவாய்கள் வழியே உள்ளும் நுழையக்கூடும். மெழுகுப் படையும் பழுதுறும். களைநாசினிகளிற் சவர்க்காரம் போன்ற பொருளைச் சேர்ப்பதும் இந்நோக்கத்திற்காகவே. கடற்கரையிலே இதன் விளைவு இன்னும் கொடியது. அவுஸ்திரேலியாவின் சிட்னிக் கடற்கரைகளில் நின்ற நோஃபோக் தீவுப் பைன் மரங்கள் 1960களிலும் 70களிலும் கடற்பக்கமாகவே கருகத் தொடங்கின. இத்தாலியின் பீசா நகருக்கு அண்மையிலுள்ள சான் ரொசோரே கரையோரக் காட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கழிவுநீரோடு கடலிற் கலந்த சலவைப் பொருள் அலைத் தூவலோடு இலையிற் படிந்து, அதுவரை வெளியே நின்ற உப்பை உள்ளே செல்ல விட்டமையே காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். உப்புக் காற்றிலே நூற்றாண்டுகள் வாழப் பழகிய மரத்திற்கும், அவ்வுப்பைத் தடுத்து நின்றது ஒரு மெல்லிய மெழுகுப் படையே. எங்கள் பள்ளத்தில் முதல் வாரத்தில் இலை விளிம்புகள் கருகியதன் பொருள் எனக்கு இதனைப் படித்தபோதே விளங்கிற்று.

இரண்டாவது, நிலத்திலும் நீரிலும் நிகழ்வது. நுரையிலுள்ள கரைப்பான்களும் புரதங்களும் நுண்ணுயிர்களால் உண்ணப்படுவன. அவற்றை உண்ணும்போது நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. தேங்கிய நீராயின் மீனுக்கும் வேருக்கும் மூச்சுத் திணறும். பின்னர் எஞ்சும் நைதரசன் பசளையாகின்றது. பசளையை விரைந்து பற்றிக்கொள்ளும் பூடு கொழுக்கின்றது. மெல்ல வளரும் பூடு அதன் நிழலில் மறைகின்றது. 1990களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாப் புல்வெளிகளிலும் வடக்கு நெவாடாவின் புதர்நிலங்களிலும் காட்டுத்தீ நுரையையும் தீத்தடுப்பு இரசாயனத்தையும் வேண்டுமென்றே தெளித்துப் பார்த்தனர். பூடுகளின் வளர்ச்சியைப் பார்க்கிலும் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது இனங்களின் எண்ணிக்கையிலேதான். தெளித்த சதுரங்களில் அது குறைந்தது. நெவாடாவிலே பருவ இறுதிக்குள் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. பச்சை மிகுந்தும் வகை குறைந்தும் இருப்பதே அதன் சாரம். ‘ஆரையைக் காணல்ல’ என்று பெத்தா சொன்னது அதுவே. நான் கொழுமையை அளந்தேன். அவள் இல்லாததைக் கண்டாள். எழுத்தறியாத அவள் அன்று செய்ததே சரியான அவதானம்.

மூன்றாவது, பெர்புளோரோ சேர்வைகளால் நிகழ்வது. இதுவே எல்லாவற்றினும் நுட்பமானது. ஏனெனில் இது கண்ணிற்குப் புலப்படுவதில்லை. நெடிய காபன் சங்கிலியையுடைய சேர்வைகள் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் தங்குவன. குறுகிய சங்கிலியையுடையன நீரோடு நீராக வேரினுட் புகுந்து, ஆவியுயிர்ப்பு இழுக்கும் நீரோட்டத்தோடு தண்டின் வழியே ஏறி இலையைச் சேர்கின்றன. நீர் இலைவாயால் ஆவியாகிப் போகும், இவை போவதில்லை. ஆகவே காயையும் மணியையும் விட இலையிலே இவை மிகுந்து சேர்கின்றன. மாசுற்ற இடங்களிற் சாதாரணமாகக் காணப்படும் அளவுகளில் இவை பூட்டின் வளர்ச்சியைத் தடுப்பதாகத் தோன்றுவதில்லை; பூடு செழித்தே நிற்கும். ஆதலால் ‘நுரை வனப்பூட்டின் வளர்ச்சியைப் பாதிக்குமா?’ என்ற என் கேள்வியே குறையுடைய கேள்வி. கொழுத்த கீரை நல்ல கீரை என்று நினைப்பது சந்தைக்குப் பொருந்தலாம், தாவரவியலுக்குப் பொருந்தாது.

இவையெல்லாம் அன்று மறைபொருளாக இருந்தனவோ என்றால், இல்லை. திரீ-எம் நிறுவனம் இவற்றுள் முதன்மையான பெர்புளோரோ-ஒக்ரேன் சல்போனேற்று உற்பத்தியைக் கைவிடுவதாக 2000 ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது. நிலைபேறான சேதன மாசுகள் பற்றிய ஸ்டொக்ஹோம் சாசனம் 2009 இல் அப்பொருளைத் தன் பட்டியலிற் சேர்த்தது. இலங்கை அச்சாசனத்தை 2005 இலேயே ஏற்றுக்கொண்ட நாடு. அதாவது நான் பள்ளத்தோரத்திற் கயிறு கட்டிய நாளிலே, என் விரிவுரையாளரின் வினாவிற்குரிய விடை நூலகத்திற் கிடந்தது. பின்னர் 2019 இலும் 2022 இலும் இன்னும் இரு சேர்வைகள் அப்பட்டியலிற் சேர்ந்தன. 2023 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அவற்றுள் ஒன்றாகிய பெர்புளோரோ-ஒக்ரனோயிக் அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென வகைப்படுத்தியது.

அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகருக்கு அண்மையில் வில்லியம்ரவுண் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள வான்படைத் தளத்திலே பல்லாண்டுகளாகத் தீயணைப்புப் பயிற்சிக்குப் பயன்பட்ட நுரை, மணலின் வழியே நிலத்தடி நீரிற் புகுந்து, அயலிலுள்ள கழிமுகத்தையும் அடைந்திருந்தமை 2015 இல் வெளியாயிற்று. அங்கு மீன்பிடி சில காலம் நிறுத்தப்பட்டது. வீட்டுத் தோட்டத்து மரக்கறியையும் கோழி முட்டையையும் உண்பதில் எச்சரிக்கையாயிருக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. மணல், மேலோட்டமான கிணறு, பக்கத்திலே மீன்வாழ் நீர் என்று அவ்விடத்தின் விவரணத்தைப் படித்தபோது எழுவான்கரையைப் படிப்பதாகவே உணர்ந்தேன். எங்கள் வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்குத் திறக்கும் வாயில்கள் பாலமீன்மட்டுக்கு அருகிலும் கல்லாற்றிலுமாக இரண்டே. கோடையில் மணல் அவற்றை அடைத்துவிடும். மாரி வெள்ளம் உடைக்கும்வரை உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கும். ‘கழுவி எங்க கொண்டுபோகும்?’ என்ற கேள்விக்கு இவ்வாவி வைத்திருக்கும் விடை அதுவே.

2020 செப்ரெம்பர் 3 ஆம் நாள், எங்களுக்குத் தெற்கே சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் ஏறத்தாழ 38 கடல்மைல் தொலைவிலே ‘நியூ டயமண்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயை அது கொண்டுசென்றது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இயந்திர அறையில் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் வான்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் நீரும் நுரையும் உலர் இரசாயனத் தூளும் கொண்டு போராடின. ஒருமுறை தணிந்த தீ மீண்டும் மூண்டு, 9 ஆம் நாளிலேதான் முற்றாக அடங்கிற்று. கொள்கலத்திலிருந்த மசகெண்ணெய் கடலிற் கலக்கவில்லை. அது கலந்திருந்தால் பொத்துவில் தொடங்கி எங்கள் கரைவரை அடம்பனும் இராவணன் மீசையும் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்கும். இங்கும் நுரை காத்தது என்பதே உண்மை.

அக்காட்சியைத் தொலைக்காட்சியிலே பெத்தாவோடு அமர்ந்து பார்த்தேன். கண் மங்கியிருந்தாலும் வெண்ணுரை அவளுக்குத் தெரிந்தது.

“அந்த நுரை எங்க போகும் மனே?” என்றாள்.

எட்டாண்டுகளுக்கு முன் கேட்டதை அவள் மறக்கவில்லை. இம்முறை நான் சிரிக்கவில்லை. இக்கட்டுரையில் எழுதியவற்றுட் பெரும்பகுதியை, அவளுக்கு விளங்கக்கூடிய சொற்களிற் சொன்னேன். பெட்டியை முடைந்துகொண்டே கேட்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள்:

“அப்ப அந்த மாரியில நான் வித்த கீரை?”

ஒரு பருவத்திற் சில கற்றை உண்டமையால் இன்னாருக்கு இன்னது நேர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. அன்று பயன்பட்டது புளோரீன் நுரைதானா என்பதையும் நான் கேட்டறியவில்லை. இவற்றை அவளுக்குச் சொன்னேன். ஆனால் தீங்கில்லை என்று அன்று நான் உறுதியாகச் சொன்னது பிழை என்பதையும் சொன்னேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு கோபமில்லாத குரலிலே சொன்னாள்: “தெரியாதெண்டு சொல்லியிருந்தா நான் மத்தப் பள்ளத்தில பறிச்சிருப்பன் மனே. கால் மைல் நடைதானே.”

கற்றவன் என்ற காரணத்திற்காக என் சொல்லை நம்பியவள் அவள். ‘எனக்குத் தெரியாது’ என்னும் இரண்டு சொற்களுக்கும் அந்தக் கால் மைல் நடைக்கும் இடையே இருந்த தொடர்பைப் பல்கலைக்கழகத்தில் எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை என்று கூறித் தப்ப முடியாது. சிவப்பு மையில் அந்த வினா எழுதப்பட்டேயிருந்தது.

தீயணைப்பாளர் நுரையைப் பயன்படுத்தக்கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. புளோரீன் அற்ற நுரைகள் இன்று உள்ளன. அவுஸ்திரேலியாவின் குடிசார் விமான நிலையத் தீயணைப்புச் சேவை 2010 இலேயே அவற்றிற்கு மாறியது. திரீ-எம் நிறுவனமும் 2025 இறுதிக்குள் இச்சேர்வைகளின் உற்பத்தியை முற்றாகக் கைவிடுவதாக 2022 திசெம்பரில் அறிவித்தது. புதிய நுரைகளும் மீனின் பூவுக்கும் நீரின் ஒட்சிசனுக்கும் இடர் செய்வனவே. ஆயினும் அவை சில வாரங்களிற் சிதைந்துபோகும் தன்மையன. பயிற்சிக்கு வெறும் நீரைப் பயன்படுத்தலாம். விபத்தின்போது உயிரும் வீடும் காக்கப்பட்ட பின்னர், வழிந்தோடும் நீரை மணல் மூடைகளால் மறித்துத் தேக்கலாம். அதற்கு எங்கள் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. எந்த நுரை, எவ்வளவு, எவ்விடத்தில் என்று ஒரு வரி எழுதிவைத்தால், அப்பள்ளத்திற் கீரை பறிப்பவளுக்கு அது போதும். தாவரவியலும் இரசாயனமும் பயிலும் மாணவர் தத்தம் ஊரிலே இவ்வரியைக் கேட்டுப் பெறுவாராயின், அதுவே பயனுள்ள கள அறிக்கையாக அமையும்.

தேற்றாத்தீவிற்குப் பெயர் தந்த தேற்றா மரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது எம்மவர் நெடுநாளாக அறிந்த முறை. நீரில் மிதக்கும் களித்துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. ஆனால் நீரிற் கரைந்து நிற்கும் இச்சேர்வைகளை அது பற்றுவதில்லை. பானை நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். உள்ளிருப்பது உள்ளேயே இருக்கும். கண்ணால் அறியும் அறிவிற்கு இங்கே ஓர் எல்லை வந்துவிடுகின்றது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளதை அறிந்து சொல்வதற்கே ஆய்வுகூடங்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

பெத்தா இப்போது இல்லை; முதுமையால் இயற்கையாகவே கண்மூடினாள். சென்ற மாரியில் ஊருக்குச் சென்றபோது பின்வேலியைத் தாண்டிப் பள்ளத்தைப் பார்த்தேன். கோரைக்கிடையே நாலிலை விரித்து ஆரை மீண்டும் வந்திருந்தது. குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தேன். மழைத்துளி அதன்மேல் உருண்டு நின்றது. பறிக்கவில்லை. ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றப் பள்ளத்திற்கு நடந்தேன். கால் மைல்தான்.